22 மாதப் புரதக் கணக்கு: சாம்பாரை நம்பியிருந்த எங்கள் வீடு

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொல்லைப்புறப் படியில் கால் இடறி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று மருத்துவர் கையைப் பார்த்துவிட்டு, "நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள் பார்ப்போம்" என்றார். அம்மாவால் முடியவில்லை. இடுப்பை முன்னால் தள்ளி, இரண்டு முறை முயன்று, கடைசியில் என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தொடையில் சதை இல்லை, இப்படியே விட்டால் மறுபடியும் விழுவார் என்று மருத்துவர் சொன்னார். சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டச் சொன்னார், தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகவும் சொன்னார். அதற்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நான் எழுதுவதை அப்படியே பின்பற்றக் கூடாது, அவர்களுக்கான கணக்கு வேறு.

அன்றிலிருந்து இன்றுவரை 22 மாதம். எது நிலைத்தது, எது பாதியில் நின்றது என்று எழுதிவைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் விருதுநகர்ப் பக்கம். வாரத்தில் ஐந்து நாள் சாம்பார், ஞாயிறு கறி, நடுவில் ஒரு நாள் மீன். தினமும் பருப்பு சேர்ப்பதால் புரதத்துக்குக் குறைவில்லை என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அதைச் சோதிக்க 350 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். இந்த 22 மாதத்தில் வாங்கியவற்றில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

நாலு பேருக்கு நான் வழக்கமாகப் போடும் துவரம்பருப்பை எடை போட்டால் 100 கிராம்கூட முழுதாக இல்லை. 100 என்றே வைத்துக்கொண்டாலும் அதில் புரதம் சுமார் 22 கிராம். நாலாகப் பிரித்தால் தலைக்கு ஐந்தரை கிராம். அப்புறம் இன்னொன்றும் பார்த்தேன். கொதித்து இறக்கிய சாம்பாரை ஒரு நாள் கலக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன். மேலே தெளிந்த புளித்தண்ணீர், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பருப்பு. அம்மா எப்போதும் "எனக்குத் தெளிவா ஊத்தும்மா" என்பார். அடியில் இருக்கிற கெட்டி பிள்ளைகளுக்கு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் பழக்கம். ஐம்பது வருடமாகச் சாம்பார் சாப்பிட்டவர், பருப்பு சாப்பிடவே இல்லை. இது தெரிந்த அன்று எனக்கு மனசு சரியில்லை.

அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டை நோட்டில் எழுதிப் பார்த்தேன். காலையில் இரண்டு இட்லி, 4 கிராம். சட்னியில் 1. மதியம் 60 கிராம் அரிசிச் சோறு, 5. சாம்பார், நல்லபடியாகக் கணக்குப் போட்டால் 4. பொரியலில் 2, தயிரில் 3, இரண்டு வேளைக் காபியில் இருக்கிற பாலில் 4, இரவு இரண்டு இட்லியில் 4. மொத்தம் 27. அவர் எடை 52 கிலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் வேண்டும். அது தரமான புரதத்துக்கான கணக்கு. நம்மைப் போல் அரிசியை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 என்று முதுமை மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆக அம்மாவுக்குக் குறைந்தது 52 கிராம் வேண்டும். கிடைத்ததோ அதில் பாதி.

ஞாயிற்றுக்கிழமைக் கறி ஈடுகட்டிவிடும் என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. ஈடுகட்டாது. கொழுப்பைச் சேர்த்துவைப்பது போல உடம்பு புரதத்தைச் சேர்த்துவைப்பதில்லை. அன்றன்றைக்கு வந்தாக வேண்டும்.

நான் முதலில் செய்தது தப்பு. கடையில் "முதியவர்களுக்கான புரதச் சத்துமாவு" என்று படம் போட்ட டப்பா ஒன்றை வாங்கிவந்தேன். பாலில் கலந்து கொடுத்தேன். அம்மாவுக்கு இனிப்புப் பிடித்தது, குடித்தார். மூன்று வாரம் கழித்துத்தான் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். 100 கிராமில் புரதம் 11 கிராம், சர்க்கரை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரு வேளைக்குப் போடுவது இரண்டு கரண்டி, அதில் புரதம் மூன்று கிராம்கூட இல்லை. கலக்கிய பாலில்தான் அதைவிட அதிகம் இருந்தது. டப்பாவின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

அடுத்து எனக்காக 'வே' (whey) என்கிற புரதப் பொடி வாங்கினேன். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து செய்கிற பொடி அது. ஒரு கரண்டியில் 24 கிராம், சரியான பொருள்தான். ஆனால் கிலோ 2,800 ரூபாய். 30 வேளை வரும், அதாவது ஒரு வேளைக்கு 93 ரூபாய். நாலு மாதம் குடித்தேன். வயிறு உப்பியது, வாசனை பிடிக்கவில்லை, நிறுத்தினேன். அதே 24 கிராம் நாலு முட்டையில் இருக்கிறது. எங்கள் தெருக்கடையில் நாலு முட்டை 28 ரூபாய். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பைக் கணக்கில் எடுத்தால் இன்னும் மலிவு. சாப்பிடவே முடியாத நோயாளிகளுக்கு மருத்துவர் பொடி எழுதிக் கொடுத்தால் அது வேறு. மற்ற வீடுகளில் அந்தப் பணத்தை மளிகைக் கடையில் செலவழிக்கலாம்.

கேழ்வரகு பற்றியும் ஒரு வார்த்தை. புரதம் என்றதும் எல்லோரும் கேழ்வரகுக் கூழ் கொடு என்றார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 7 கிராம்தான், அரிசியைவிடத் துளி குறைவு. அதன் பெருமை சுண்ணாம்புச் சத்து, 300 மில்லிகிராமுக்கு மேல். அம்மாவின் எலும்புக்காக வாரம் இரண்டு நாள் கொடுக்கிறேன், புரதக் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்பு கொஞ்சம் மேல், சுமார் 11.

சரி, நிலைத்தது என்ன? முதலில் காலைப் பலகாரம். வாரம் நாலு நாள் இட்லி மாவுக்கு லீவு. முழுப் பாசிப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகத்தோடு அரைத்துத் தோசை. ஒருவருக்கு 50 கிராம் பயறு, அதில் 11 கிராம் புரதம். இட்லியில் 4 வந்த இடத்தில் 11. இடையில் சில நாள் அடை, அல்லது கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. எங்கள் பக்கம் உளுந்தங்களி வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுப்பது. "எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல களி?" என்று அம்மா கூச்சப்பட்டார். இடுப்புக்குப் பலம் என்று அவர் எனக்குச் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். நல்லெண்ணெய் ஊற்றிக் கையில் உருட்டிக் கொடுத்தால் இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

இரண்டாவது, மதியக் குழம்பு. சாம்பாருக்குப் பருப்பை 100 கிராமிலிருந்து 150-ஆக்கினேன். அதைவிட முக்கியம், வாரத்தில் இரண்டு நாள் சாம்பாரையே நிறுத்திவிட்டுப் பருப்பு உருண்டைக் குழம்பும் கீரைக் கடைசலும் வைப்பது. உருண்டைக் குழம்பில் பருப்பு தண்ணீரில் ஒளிந்துகொள்ள முடியாது. தட்டில் இரண்டு உருண்டை விழுந்தால் விழுந்ததுதான், தெளிவாக ஊற்றச் சொல்ல வழியில்லை. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் பாதிக்குப் பாதி, சின்ன வெங்காயம், சோம்பு, கொரகொரவென்று அரைத்து ஆவியில் வேகவைத்துக் குழம்பில் போடுவேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகள் கோத்தது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம்; பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. நம் முன்னோர் சோற்றையும் பருப்பையும் சேர்த்துவைத்தது சரியான ஜோடி. விகிதத்தில்தான் நாம் சோற்றைக் கூட்டிப் பருப்பைக் குறைத்துவிட்டோம். சமைக்காத எடையில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று நான் இப்போது பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது சுண்டல். இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். சுண்டலுக்கு எதிரி மறதி. இரவு பத்து மணிக்குப் படுத்தபின் "கடலை ஊறப்போடவில்லையே" என்று நினைவு வரும். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் நடந்தது. அப்புறம் சனிக்கிழமை மொத்தமாக ஊறப்போட்டு, ஞாயிறு வேகவைத்து, டப்பாவில் பங்கிட்டு ஃப்ரீசரில் வைக்க ஆரம்பித்தேன். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை மாறி மாறி. மாலை நாலு மணிக்கு எடுத்துத் தாளித்தால் ஐந்து நிமிட வேலை. 30 கிராம் கடலையில் கிட்டத்தட்ட 6 கிராம். அம்மாவுக்குப் பல் செட், முழுக் கடலை மெல்ல வராது. அவருக்கு மட்டும் குழைய வேகவைத்து மத்தால் ஒரு கடை கடைந்து, தேங்காய் தூவிக் கொடுப்பேன். வேர்க்கடலையும் அப்படித்தான், வறுத்தது வேண்டாம், சட்னியாகவோ அவித்தோ.

வாயுத் தொல்லை வந்தது, மறைக்கவில்லை. முதல் மாதம் அம்மா இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரே நாளில் அளவை இரட்டிப்பாக்கியது என் அவசரம். பிறகு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று மெதுவாகப் போனோம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது, பெருங்காயம், பூண்டு, இஞ்சி தாராளமாகப் போடுவது, பகலில் தண்ணீர் அதிகம் குடிப்பது என்று பழகியதும் ஆறு வாரத்தில் அடங்கியது. சோயா உருண்டை மட்டும் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம் இருக்கிற, மிக மலிவான பொருள் அது. நானும் பிள்ளைகளும் வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறோம், வெந்நீரில் போட்டு மூன்று முறை பிழிந்தால் அந்தப் பச்சை வாசனை போய்விடும்.

முட்டை தினம் ஒன்று, பதினோரு மணிக்கு. 6 கிராம். தயிரை ஒன்றரை மடங்காக்கினேன், இரவு ஒரு தம்ளர் பால். தூத்துக்குடியிலிருந்து மீன் வருகிற நாளில் சாளையோ நெத்திலியோ. 100 கிராம் மீன் சதையில் 18 கிராமுக்குக் குறையாது, விலையும் வஞ்சிரத்தில் கால்வாசிதான். இப்படி எல்லாம் சேர்ந்தால் நல்ல நாளில் அம்மாவுக்கு 53 வருகிறது. எல்லா நாளும் நல்ல நாள் அல்ல. நோட்டைப் புரட்டினால் சராசரி 47, 48 என்றுதான் நிற்கிறது. வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை என்று முட்டை விலகும் நாள்கள் பல. புரட்டாசி முழுவதும் முட்டையும் கிடையாது, மீனும் கிடையாது. முதல் புரட்டாசியில் 40-க்கு இறங்கிவிட்டது. போன புரட்டாசிக்கு முட்டைக்குப் பதில் 40 கிராம் பனீரை உதிர்த்துக் கூட்டில் சேர்த்தேன், சமாளித்தது.

பலன்? அம்மா நாலாவது மாதம் கை ஊன்றாமல் எழுந்தார். ஐந்து முறை தொடர்ந்து எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் எடுத்தால் தசை பலம் குறைவு என்று ஒரு அளவுகோல் உண்டு. அம்மா முதலில் எடுத்தது 24 விநாடி. போன வாரம் 13. காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து முறை எழுந்து உட்காருகிறார், அது இல்லாமல் வெறும் பருப்பால் இது நடந்திருக்காது. எடை ஒன்றரை கிலோ கூடியது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. என் விஷயத்தில், நாலு மணிக்கு வரும் வடைப் பசி போய்விட்டது. முடி கொட்டுவது நிற்கும் என்றார்கள், எனக்கு நிற்கவில்லை.

தினமும் எடை போடுவதை ஒரு வருடத்திலேயே விட்டுவிட்டேன், கை பழகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் மட்டும் நோட்டு எழுதுகிறேன். அப்படி எழுதும்போதெல்லாம் பருப்பு அளவு கொஞ்சம் இறங்கியிருப்பது தெரியும், பழைய கை தானாகத் திரும்பிவிடுகிறது. இன்னும் தீராதது வெளியூர்ப் பயணம். கல்யாண வீட்டில் நாலு நாள் இருந்தால் சோறும் ரசமும் இனிப்பும்தான். போன மாதம் மதுரைக்கு ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அம்மாவின் பையைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், பழைய மாத்திரை டப்பாவில், பொட்டுக்கடலையைப் பொடித்து உப்பும் மிளகும் சேர்த்து அவரே அடைத்து வைத்திருந்தார். "அங்க சாம்பார் தண்ணியா இருக்கும்மா" என்றார்.