சித்தப்பாவின் கரட்டுக்கு ஒரு நாலு சக்கர வண்டி

ஆடி மாசம் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். ஆனைமலை அடிவாரத்தில் சித்தப்பாவின் தென்னந்தோப்பு. கீழ்ப்பாதி சமதளம், வாய்க்கால் பாய்ச்சல். மேல்பாதி கரட்டை ஒட்டி ஏறும் செம்மண் சரிவு. இரண்டுக்கும் நடுவில் ஊராட்சி ரோடு. 64 வயதில் அவர் 45 கிலோ யூரியா மூட்டையை மொபெட்டின் முன்னால் போட்டு, மழை பெய்து வழுக்கும் அந்தச் சரிவில் ஏறுவதைப் போன வருசம் வீடியோவில் பார்த்தேன். அன்றிலிருந்தே மனசுக்குள் வெசனம்.

"உங்கூர்ல மாட்டுப் பண்ணைக்குள்ள ஓட்டறதாச் சொன்னியே கண்ணு, அந்த வண்டி இங்க கெடைக்குமா?" என்று அவரே கேட்டார். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லேண்ட் பகுதியில் பால் பண்ணை வேலை எனக்கு. தினமும் ஏ.டி.வி. ஓட்டுகிறேன், பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி. ஊர்ப்பக்கம் அதை ரிசார்ட்டில் காசு கொடுத்து ஒரு சுற்று ஓட்டும் வண்டியாகத்தான் பலருக்குத் தெரியும். தோட்டத்துக்கு என்று கேட்டுப் போனபோது கிடைத்த அனுபவத்தை, அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கோவையில் முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். 250 சிசி வண்டி ஒன்றைக் காட்டினார்கள். பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை, அதுவும் செயின். சரிவைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் விற்பனைத் தம்பி சித்தப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். "பவரெல்லாம் ஏகத்துக்கு இருக்குதுங்க." எத்தனை கிலோ இழுக்கும், மெதுவாகப் போய் அதிக இழுவை தரும் லோ கியர் உண்டா என்றால் பதில் இல்லை. ரோட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறதே, நம்பர் வாங்க முடியுமா என்றேன். "கிராமத்து ரோட்டுல யாருங்க கேக்கறாங்க?" என்றார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம்மூரில் விற்கும் பெரும்பாலான ஏ.டி.வி.க்களை ஆர்.டி.ஓ.வில் பதிய முடியாது, சொந்த நிலத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம். பதிவு இல்லாத வண்டிக்கு ரோட்டில் ஓட்ட இன்சூரன்சும் இல்லை. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற ரோடு அது. ஒரு பிள்ளை மேல் உரசினால் என்ன ஆகும்? எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் பேசியது மெக்கானிக். நாற்பது வயதிருக்கும், முழங்கை வரை கிரீஸ். முதல் கேள்வியே "என்ன லோடுங்க, எவ்வளவு ஏத்தம்?" என்பதுதான். கணக்குப் போட்டோம். மட்டையோடு ஒரு காய் ஒரு கிலோவுக்கு மேல். டிரெய்லரில் 200 காய் என்றாலே 200 கிலோ தாண்டும், டிரெய்லரின் எடை தனி, சித்தப்பா 75 கிலோ. 300 சிசிக்குள் இருக்கும் வண்டி சமதளத்தில் இதை இழுக்கும், ஈரச் செம்மண் ஏற்றத்தில் திணறும். 700 சிசிக்கு மேல் போனால் வண்டியே கனம், சரிவில் திருப்ப அவருக்குத் தெம்பு வேண்டும். எங்கள் பண்ணையில் யமஹா கோடியாக் 450 இருக்கிறது, உண்மையில் 421 சிசி, மாட்டு வேலைக்கு அது தாராளம். ஏற்றமும் இழுவையும் சேர்ந்தால் 500, 570 சிசி வகைதான் பொருத்தம். கம்பெனி சொல்லும் இழுவை அளவு சமதளத்துக்கு உரியது, சரிவுக்கு அதில் பாதியைத்தான் நான் எண்ணுவேன்.

மெக்கானிக் ஒரு பழைய பெல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். இந்த வண்டிகள் பலவற்றில் கியர்ப் பல்லுக்குப் பதிலாக சி.வி.டி. என்கிற ரப்பர் பெல்ட்தான் வேகத்துக்கு ஏற்ப எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. அந்த ரப்பரின் இரு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது, ஓரிடத்தில் கருகி நூல் பிரிந்து நின்றது. மோந்து பார்த்தால் இன்னும் தீய்ந்த வாடை. "ஹைலயே போட்டு லோடு இழுத்தா இப்படித்தானுங்க ஆகும். ஏத்தம்னா லோ போட்டுடோணும்." குதிரைத்திறனை விட இது முக்கியம், லோ இல்லாத வண்டியைத் தோட்டத்துக்கு வாங்கவே வேண்டாம். பின் சக்கரம் வழுக்கும்போது முன் சக்கரம் தானாகச் சேர்ந்துகொள்வதையும், இறங்கும்போது எஞ்சினே வண்டியின் வேகத்தை அடக்குவதையும் கடைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் இரண்டு மூட்டை ஏற்றி ஓட்டிக் காட்டினார். அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் முடிவு செய்தது போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, டிராக்டர் வகையில் பதிவாகும் மாடல். 567 சிசி. வெளிநாட்டில் 44 குதிரைத்திறனோடு வரும் எஞ்சின், இதில் 34. சித்தப்பா வேகம் போகப்போவதில்லை, நம்பர் பிளேட் கிடைக்கிறதே, அதற்கு இந்தக் குறைவு சரி. விலை மினி டிராக்டரை விடக் கூடுதல்தான். உழவுதான் முக்கியம் என்பவர்கள் 24 குதிரைத்திறன் குபோட்டாவோ மஹிந்திரா ஜீவோவோ நாலு சக்கர இழுவையில் வாங்குவதே நல்லது. ஏ.டி.வி. உழாது.

டிரெய்லர் கொக்கிக்கு கோவை கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனோம். பம்ப்செட் ஊரின் கைத்திறனுக்குக் கேட்கவா வேண்டும். வரைபடமே இல்லாமல், வண்டியின் போட்டோவையும் அளவையும் பார்த்து, "கொக்கி மேல ஏறக் கூடாதுங்கக்கா, உசரத்துல இழுத்தா முன்பக்கம் தூக்கி ஆள் மேல வுழுந்துரும்" என்றார் பட்டறைக்காரர். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த அதே பாடம். இந்த வண்டியில் உயிர் போவது பெரும்பாலும் உருண்டுதான். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து புதிதாக விற்கும் பண்ணை ஏ.டி.வி.க்களில், உருண்டால் ஆளை நசுக்காதபடி தாங்கும் அமைப்பு கட்டாயம். அடுத்த தடவை வரும்போது அப்படித் தாங்கும் கம்பி வளைவு ஒன்றைக் கொண்டு வருவதாக இருக்கிறேன்.

ஒரு கவலை மிச்சம் இருந்தது. ஏ.டி.வி. டயருக்கு ஐந்து, ஏழு பௌண்டு காற்றுதான். பஞ்சர் கடையில் பைக்குக்கு அடிப்பது போல 30 அடித்துவிட்டால் டயர் கல்லாகிவிடும், சரிவில் பிடி போய்விடும். பக்கத்து ஊர்ப் பஞ்சர் கடையில் இருந்த, காற்று அளக்கும் கேஜில் 10க்குக் கீழே கோடே இல்லை. சின்ன அளவு காட்டும் கேஜ் ஒன்றைக் கோவையில் தேடி வாங்கி, ஹெல்மெட்டோடு சேர்த்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்று சித்தி முன்னால் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

நான் திரும்பி வந்து பத்து நாள் கழித்து வண்டி வந்தது. வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் செம்மண் சரிவு, தலையில் ஹெல்மெட், அங்கராக்குப் பையில் கேஜ்.

"அஞ்சுதான் வெச்சிருக்கறன் கண்ணு. பார்த்துக்கோ."