வளசரவாக்கம் – வடபழனி ஷேர் ஆட்டோ: காலிப்பர் போட்டவளோட ரிவ்யூ

பிரியாணிக்கு ரிவ்யூ இருக்கு, மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கு, சென்னைல தினமும் இத்தன ஆயிரம் பேரு ஏறி இறங்குற ஷேர் ஆட்டோவுக்கு ஒருத்தரும் எழுதல, சரி நானே எழுதுறேன். முன்னாடியே சொல்லிடறேன், எனக்கு இடது கால் போலியோ, தொடை வரைக்கும் காலிப்பர் (காலத் தாங்குற கம்பிச் சட்டம்), வலது கையில ஸ்டிக். அதனால ஓடிப்போய் தொத்திக்கிற ஆளுங்களுக்கு இந்த ரிவ்யூ ஒத்து வராது, முட்டி வலியோட அம்மாவோ மாமியாரோ வீட்ல இருந்தா படிங்க.

பஸ்ல போகலாமேன்னு கேப்பீங்க. எனக்கு சாதா கட்டண பஸ் டபுள் ஃப்ரீ, லேடீஸ்ங்கிறதால ஃப்ரீ, மாற்றுத்திறனாளிங்கிறதாலயும் ஃப்ரீ, ரெண்டுமே 2021ல வந்தது. டிக்கெட் ஃப்ரீயா இருந்து என்ன பண்ண, ஏறணுமே! சாதா பஸ்ல முதல் படி இருக்குற உயரத்துக்கு நான் கம்பியப் புடிச்சு உடம்பத் தூக்கி, அப்புறம் காலத் தூக்கி வைக்கணும், அதுக்குள்ள பின்னாடி நிக்குறவங்க முதுகுல கை வச்சிடுவாங்க. தாழ்தள பஸ் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, மாற்றுத்திறனாளிங்க நாங்க ஹைகோர்ட் வரைக்கும் போய் சண்ட போட்டு வாங்கினது, நிறுத்தினா ஒரு பக்கமா சாஞ்சு கொடுக்கும், ராம்ப் இருக்கு, அதுல ஏறினா நான் மகாராணி. ஆனா எல்லா ரூட்லயும் எல்லா நேரத்துலயும் அத நம்பி நிக்க முடியாது.

ஷேர் ஆட்டோவோட பெரிய ப்ளஸ் என்னன்னா நான் அதுகிட்ட போக வேணாம், அது என்கிட்ட வரும். இந்த வண்டிங்க போற ஆற்காடு ரோட்ட மெட்ரோ வேலைக்காக தோண்டிப் போட்ட நாள்ல நடைபாதைன்னு ஒண்ணு இருந்துச்சான்னே தெரியாது, பஸ் ஸ்டாப் எங்க மாத்தியிருக்காங்கன்னு தேடுறதுக்குள்ள தாவு தீந்துடும், ஷேர் ஆட்டோவுக்கு கைய லேசா தூக்கினா போதும். 10 ரூபா, 15 ரூபா, தூரமா இருந்தா 20. இறங்குறதும் "அண்ணா இங்க ஓரமா"ன்னா அங்கயே.

வண்டில ரெண்டு ரகம். டாடா மேஜிக் வந்தா நான் விட்டுடுவேன், குனிஞ்சு உள்ள போய் பின் சீட்டுக்கு நகரணும், நமக்கு சரிப்படாது. மூணு சக்கர ஆட்டோதான் பெஸ்ட், படி தாழ்வு, புடிச்சுக்க கம்பி இருக்கு. ஆனா எங்க உக்காரோம்ங்கிறது முக்கியம். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டிப் பலகை போட்டிருப்பாங்க பாருங்க, அதுல யாராவது எதிர்ல உக்காந்துட்டா என் கால் நீட்ட இடமே கிடையாது. காலிப்பர் முட்டிகிட்ட ஒரு வளையம் இருக்கும், அத மேல இழுத்தாதான் கால் மடங்கும், நெரிசல்ல அந்த வளையத்துக்கு கையே போகாது. அப்படியே கால் விறைப்பா நீட்டிட்டு இருக்கும், எதிர்ல இருக்குற அக்காவோட புடவைல ஷூ படும், நான் சாரி சொல்லுவேன், அவங்க "பரவால்லமா, எப்படிமா ஆச்சு, ஆக்சிடெண்டா?"ன்னு ஆரம்பிப்பாங்க. விருகம்பாக்கம் தாண்டுறதுக்குள்ள என் மொத்த ஜாதகமும் வண்டிக்குத் தெரிஞ்சிடும் (ஒரு எண்ணெய் பேரும் சொல்லிட்டுதான் இறங்குவாங்க).

டிரைவருங்கள பொதுவா நல்லவங்கன்னும் சொல்ல முடியாது மோசம்னும் சொல்ல முடியாது. வயசான அண்ணன் ஒருத்தர் இருக்காரு, ஸ்டிக்க வாங்கி தன் பக்கத்துல சொருகிட்டு "பாத்துமா, அந்தக் கால முதல்ல உள்ள விடு"ன்னு சொல்லி, நான் வளையத்த தட்டி உக்கார்ற வரைக்கும் கிளட்ச்ச விட மாட்டாரு, பின்னாடி ஹாரன் அடிக்கிறவனுக்கு அவரே பதில் சொல்லிக்குவாரு. சின்னப் பசங்க சிலபேரு ஒரு கால் வெளிய இருக்கும்போதே நகத்திடுவாங்க. இன்னும் சிலபேரு என்னப் பாத்ததும் பாக்காத மாதிரி போயிடுவாங்க, ஏத்த இறக்க டைம் ஆகும், அந்த கேப்ல பின்னாடி வர்ற வண்டி அடுத்த ஸ்டாப்ல இருக்குற சவாரிய அள்ளிட்டுப் போயிடும்ல. அவங்க பொழப்பும் புரியுது, அதுக்காக கோவம் வராம இருக்குமா.

இப்ப வெளிய சுத்துற மேட்டருக்கு வர்றேன், இங்கதான் மார்க் குறையுது. ஆபிஸுக்கு இத நம்பலாம். லீவுநாள்ல ஜாலியா எங்கயாவது போகணும்னா, போறது ஈஸி, திரும்பி வர்றதுதான் கஷ்டம். ஜனவரில புக் ஃபேர் போறேன்னா வடபழனி வரைக்கும் ஷேர் ஆட்டோ, லிஃப்ட்ல ஏறி மெட்ரோ, ஆலந்தூர்ல மாறி நந்தனம், அங்கருந்து ஒய்எம்சிஏ கிரவுண்டு, இதுவரைக்கும் அருமை. மெரினான்னா சென்ட்ரல்ல மாறி அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி ஒரு தனி ஆட்டோ, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல இருக்குற மரப்பாதைல போனா அலைய கிட்டக்க பாக்கலாம். 2022 நவம்பர்ல திறந்தாங்க, 263 மீட்டர், அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல ஒரு பகுதி பிச்சுக்கிச்சு, திரும்ப சரி பண்ணாங்க. அது வர்றதுக்கு முன்னாடி நான் மெரினா போனா ரோட்டோர திண்டுல உக்காந்து மத்தவங்க செருப்ப காவல் காப்பேன், ஏன்னா மணல் காலிப்பர் ஜாயிண்ட்ல போச்சுன்னா ஒரு வாரம் கரகரன்னு சத்தம் வரும்.

இதெல்லாம் முடிச்சுட்டு ராத்திரி வடபழனில இறங்கினா கதையே வேற. ஒன்பது மணிக்கு மேல வண்டி கம்மி, இருக்குற வண்டியும் "இன்னும் ரெண்டு பேரு"ன்னு சொல்லி நிரம்புற வரைக்கும் நகராது, உள்ள டாஸ்மாக் வாசனை வேற. தனி ஆட்டோன்னா மீட்டருங்கிறது வண்டில ஒரு அலங்காரம். கவர்மெண்ட் ரேட் 2013ல போட்டது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12, பெட்ரோல் விக்கிற விலைக்கு அத யாரு போடுவாங்க, 15 ரூபாய்க்கு வந்த தூரத்துக்கு 150 கேப்பாங்க. ஆப்ல போட்டா "கேஷா ஜிபேவா, எங்க போணும்"னு கேட்டுட்டு கேன்சல். அதனால ஃப்ரெண்ட்ஸ் ஈவ்னிங் ஷோ போலாம்னு சொன்னா நான் படம் எப்படின்னு கேக்கறதில்ல, எத்தன மணிக்கு விடுவாங்கன்னுதான் கேப்பேன். பாதி நேரம் மேட்னிக்கு இழுத்துட்டுப் போயிடுவேன், இல்லன்னா கிளைமாக்ஸ்ல பாதி பேரு சாகுறதுக்கு முன்னாடியே எழுந்து வந்துடுவேன்.

ஸ்டார் போடணும்னா வேலைக்குப் போக 5க்கு 4, ஊர் சுத்த 2. மழை நாள்ல அதுலயும் ஒண்ணு கழிச்சுக்கோங்க, சைடு படுதாவ இறக்கி விட்டா கம்பி கைக்கு சிக்காது.

முதல் தடவ பெரியவங்கள கூட்டிட்டுப் போறவங்க காலைல பத்தரைக்கு மேல, சாயங்காலம் நாலுக்கு முன்னாடி போங்க, பின் சீட்டுல இடது ஓரத்த கேட்டு வாங்குங்க, தரலன்னா அடுத்த வண்டி பின்னாடியே வரும். சில்லறைய ஏறுறதுக்கு முன்னாடியே கைல எடுத்து வச்சுக்கோங்க, இறங்கும்போது ஒரு கைல கம்பி ஒரு கைல ஸ்டிக்னு இருக்குறவங்களால பர்ஸ தொறக்க முடியாது. அப்புறம் கிருத்திகை அன்னிக்கு வடபழனி பக்கம் இத நம்பாதீங்க, கோயில் கூட்டத்துல வண்டி நகராதுன்னு சொல்லி ரொம்ப முன்னாடியே இறக்கி விட்டுடுவாங்க, மிச்சத்த நடந்துதான் போகணும்.