கிழமை மாறியா, நாள் மாறியா, எல்லாரும் தினமுமா? தொற்றுக்காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளைத் திறக்கும் வழிகள்

2020 மார்ச்சில் கொவிட்டால் மூடிய பாடசாலைகள் ஜூலை 6இல் சில தரங்களுக்குத் திறந்தன. ஒரு கிழமைக்குள் மறுபடி மூடின. 2021 ஏப்ரல் கடைசியில் விழுந்த பூட்டு ஒக்டோபர் 21 வரை கழரவில்லை. இடையில் வந்த சுற்றுநிருபங்களும் ஒன்றைப்போல் ஒன்றில்லை. 2020 ஓகஸ்ட்டில் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகள் தினமும் நடக்கலாம், பெரியவை தரம்தரமாக நாள் பிரிக்க வேண்டும் என்றார்கள். 2022 ஜனவரியில் வகுப்பில் 20 பேர் வரை தினமும், 21 முதல் 40 வரை இரண்டு குழுவாகக் கிழமை மாறி, 40க்கு மேல் மூன்று குழு என்றார்கள்.

இரண்டுமே தலையை எண்ணுகின்றன. படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) அரைச்சுவர் மண்டபத்தில் இருக்கும் 25 பேரும், காத்தான்குடியிலோ கல்முனையிலோ இரண்டாம் மாடி அறையில் ஒரு பக்க ஜன்னலோடு இருக்கும் 25 பேரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். கிருமிக்கு ஒன்றல்ல. எந்த முறையை எடுப்பது என்பதை முதலில் காற்று தீர்மானிக்க வேண்டும். அடுத்தது பிள்ளை எந்த வாகனத்தில், யாரோடு வருகிறது என்பது. எண்ணிக்கை மூன்றாவதுதான்.

நாள் மாறி வருவதும் கிழமை மாறி வருவதும்

அதிபர்களும் பெற்றோரும் அதிகம் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். வகுப்பை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவாகிவிட்டால் ‘அ’ குழு திங்கள், புதன், வெள்ளியும் ‘ஆ’ குழு செவ்வாய், வியாழனும் வரலாம். அல்லது ‘அ’ ஒரு முழுக் கிழமை, ‘ஆ’ அடுத்த கிழமை வரலாம். மேசைக் கணக்கில் இரண்டும் சமம். தொற்றுக் கணக்கில் சமமில்லை.

கொவிட் முதலில் வந்த வடிவத்தில் தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள் எடுத்தது. டெல்டாவுக்குச் சுமார் 4, ஒமிக்ரோனுக்குச் சுமார் 3. அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்பே பிள்ளை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். நாள் மாறும் முறையில் திங்கள் தொற்றிய பிள்ளை வெள்ளிக்கிழமை நன்றாக ஓடியாடிக்கொண்டே வகுப்புக்கு வரும். அறிகுறி சனிக்கிழமைதான் தெரியும். கிழமை மாறும் முறையிலும் அந்த வெள்ளி ஆபத்தானதே. ஆனால் அன்று அதனிடமிருந்து வாங்கிய பிள்ளைகள் அடுத்த 9 நாள் வீட்டில் இருப்பார்கள். காய்ச்சலோ இருமலோ வீட்டிலேயே வெளிப்பட்டுவிடும், சங்கிலி அங்கே அறும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் முன்வைத்த ‘4 நாள் வெளியே, 10 நாள் வீட்டில்’ சுழற்சி இதே கணக்குத்தான். வெள்ளியையும் விட்டுத் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும் நடத்தினால் அதுவே வந்துவிடும்.

வேகமாக வளரும் கிருமியென்றால் இந்த லாபம் சுருங்கும். ஒமிக்ரோன் மாதிரியான ஒன்றில் திங்கள் தொற்றிய பிள்ளை புதன், வியாழனிலேயே பரப்பத் தொடங்கும். அதே கிழமைக்குள் வகுப்பில் ஒரு சுற்று முடிந்துவிடும். அப்போது கிழமை மாறுவதில் மிஞ்சுவது நெருக்கம் பாதியாவது மட்டுமே, அது நாள் மாறும் முறையிலும் கிடைக்கும்.

படிப்புப் பக்கம் தராசு வேறு பக்கம் சாய்கிறது. தரம் 1, 2 பிள்ளைக்கு 9 நாள் இடைவெளி கொடுத்தால் போன கிழமை படித்த எழுத்தைத் திங்கட்கிழமை திரும்பவும் தொடங்க வேண்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடும் என்ற நிலையில் வட்ஸ்அப் பாடம் பெயருக்குத்தான். ஆரம்பப் பிரிவுக்கு நாள் மாறும் முறை, தரம் 6க்கு மேல் கிழமை மாறும் முறை என்று ஒரே பாடசாலைக்குள் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. நேரசூசி போடுகிறவருக்குத் தலையிடி, அவ்வளவுதான்.

வீட்டுக் கிழமைக்குக் கொடுக்கும் வேலை நாளுக்கு இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. மொழி ஒன்று, கணிதம் ஒன்று. திரும்பி வரும் திங்கள் முதற்பாடத்திலேயே திருத்த வேண்டும். திருத்தாத வேலையை மூன்றாம் சுற்றில் யாரும் செய்து வரமாட்டார்கள். அச்சடித்த தாளை மட்டும் நம்ப வேண்டாம். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போனது. கிழமையின் கடைசிப் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் இறக்கச் சொல்வது செலவில்லாத வழி.

குழுவை எப்படிப் பிரிப்பது

இடாப்பில் ஒற்றை இலக்கம் ‘அ’, இரட்டை இலக்கம் ‘ஆ’ என்று பிரித்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் முழு ஏற்பாட்டையும் கவிழ்ப்பது இதுதான். அக்கா ‘அ’ கிழமை, தம்பி ‘ஆ’ கிழமை என்றால் அந்த வீட்டுக்கு ஓய்வுக் கிழமையே இல்லை. இரண்டு குழுவையும் இணைக்கும் பாலம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே குழுவில் போடுங்கள். அடுத்து ஒரே வானிலும் ஓட்டோவிலும் வருகிறவர்களை. அதன்பின் ஒரே ஊர், ஒரே வீதி. இடாப்பு இலக்கத்தை இரண்டு குழுவின் எண்ணிக்கையைச் சமப்படுத்த மட்டும் கடைசியில் பாவிக்கலாம். தரங்களுக்கிடையில் இதை ஒத்துப்பார்க்க வகுப்பாசிரியர்கள் எல்லாரும் ஒரு பகல் ஒன்றாக இருக்க வேண்டும்.

மிச்சம் இருக்கும் ஓட்டை ரியூசன். வீட்டில் இருக்க வேண்டிய கிழமையில் ‘அ’ குழுவும், பாடசாலை முடிந்து வந்த ‘ஆ’ குழுவும் மாலை நாலு மணிக்கு ஒரே கொட்டிலில் தோளோடு தோள் இருந்தால் காலையில் செய்த அத்தனையும் வீண். பாடசாலை தனியாக இதை அடைக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ரியூசன் நடத்துகிறவர்களையும் கூப்பிட்டு அவர்களும் அதே குழுக் கிழமையைப் பின்பற்றச் செய்வதுதான் நடக்கக்கூடியது.

தரத்துக்கொரு நாளும் இரண்டு நேரமும்

2020 ஓகஸ்ட் மாதிரி தரத்துக்கு நாள் பிரிப்பதில் வளாகத்தில் கூட்டம் குறையும், வகுப்பறைக்குள் குறையாது. வெற்று அறைகளுக்கு வகுப்பை இரண்டாக்கிப் பரப்பினால்தான் பயன், அதற்கு இரட்டை ஆசிரியர் வேண்டும். பரீட்சைத் தரங்களான 5, 11, 13 ஆகியவற்றை மட்டும் முதலில் எடுக்கும்போது இது சரிவரும். மற்றப்படி பலவீனமான முறை.

காலை ஒரு குழு, பின்னேரம் ஒரு குழு என்பது எங்கள் பக்கத்துக்கு ஒவ்வாது. சீற் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளை முகக்கவசத்தோடு இருக்காது. வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களில் பொழுது சாயும்போது யானைப் பயம். குருமண்வெளி–மண்டூர், அம்பிளாந்துறை–குருக்கள்மடம் துறைகளில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி எழுவான்கரைக்கு, அதாவது வாவியின் கிழக்குக் கரைக்குத் திரும்ப வேண்டிய ஆசிரியர்களுக்கு நேரமும் பிந்தும். எல்லாவற்றிலும் மோசம், ஒரே ஆசிரியர் இரண்டு குழுவையும் ஒரே நாளில் தொடுவது.

எல்லாரும் தினமும்: அரைச்சுவர் மண்டபத்தின் பலம்

பழைய 80 அடி, 100 அடி நீள மண்டபங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டவர் யாருமில்லை. 20 அடி அகலம், இரண்டு பக்கமும் அரைச்சுவர், இடையில் மறிப்பில்லாமல் மூன்று நான்கு வகுப்பு. தொற்றுக்காலத்தில் கட்டிடங்களில் மிகப் பாதுகாப்பானது அதுதான். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் காற்று குறுக்கே போய்க்கொண்டே இருக்கும். இப்படி மண்டபமுள்ள சிறிய பாடசாலை குழு பிரிக்காமல் தினமும் நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

அங்கே இரண்டு சிக்கல். ஒன்று, மறிப்பில்லாததால் தரம் 6 வேறு, தரம் 7 வேறு என்று தொற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. முழு மண்டபத்தையும் ஒரே குழுவாகவே கணக்கிடுங்கள். மற்றது சத்தம். பக்கத்து வகுப்பை மீறக் கத்தும் ஆசிரியர் சாதாரணமாகப் பேசுகிறவரைவிடப் பல மடங்கு துளிகளை வெளியே தள்ளுகிறார். இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று போதும். சத்தமாகச் சேர்ந்து வாசிக்கும் பாடங்களை ஒரே வேளையில் போடாமல் நேரசூசியில் தள்ளி வைக்கலாம்.

மாரி வந்தால் கதை மாறும். 2021இல் நவம்பர் 8இல் தரம் 10 முதல் 13 வரையும், 22இல் தரம் 6 முதல் 9 வரையும் திறந்தது சரியாக மழைக்குள். சாரல் வரும் பக்கமெல்லாம் படங்கைத் தொங்கவிட்டு இறுக்கிக் கட்டுவார்கள், மண்டபம் பெட்டியாகிவிடும். படங்கைத் திரைபோல் தொங்கவிடாமல், மேல் விளிம்பைக் கூரை வளைக்கு ஓர் அடி கீழே கட்டி, கீழ் விளிம்பை வெளியே 3 அடி இழுத்துத் தடியில் கட்டினால் தாழ்வாரமாக நிற்கும். சாரல் படாது, மேலே சூடான காற்றுப் போக வழியிருக்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்குப் பக்கத்தை மூடவே வேண்டாம்.

மூடிய அறைக்கான கணக்கு

20 அடிக்கு 25 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 5,000 கன அடி, ஏறத்தாழ 142 கன மீற்றர். முன்னால் ஆசிரியருக்கு 5 அடி விட்டு, கதிரைக்குக் கதிரை நடுவிலிருந்து நடுவுக்கு 4 அடி வைத்தால் 5 வரிசை, வரிசைக்கு 5 பேர். வாசல் பக்க நடைபாதைக்கு ஒரு நிரலை எடுத்தால் 20 பேர். சுற்றுநிருபத்தின் 20 இந்த அறைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஆளுக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆசிரியரோடு 21 பேருக்கு மணிக்கு 756 கன மீற்றர், அதாவது அறையின் காற்று மணிக்கு 5 தடவைக்கு மேல் மாற வேண்டும். 40 பிள்ளைகளை இருத்தினால் 10 தடவைக்கு மேல். எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தால் முதலாவது எளிது. ஒரு பக்க ஜன்னல் அறையில் இரண்டாவது நடக்காது.

வெளிவிட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்குகிறது என்று அளந்து பார்க்கக் காபனீரொட்சைட்டு அளவி உதவும். வெளியே 420 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். உள்ளே 800க்குள் நின்றால் நல்லது, 1,000 தாண்டினால் ஜன்னலைப் பாருங்கள், 1,500 தாண்டினால் பிள்ளைகளை மரநிழலுக்கு எடுங்கள். அகச்சிவப்பு முறையில் அளக்கும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை வைத்து ஊகித்துச் சொல்பவை, பக்கத்தில் சனிடைசர் பூசினாலே எகிறும். கருவியை இருக்கும் பிள்ளையின் மூக்கு உயரத்தில், ஆளுக்கு 1 மீற்றர் தள்ளி, ஜன்னலடியைத் தவிர்த்து வையுங்கள். ஐந்து பாடசாலைக்கு ஒரு கருவி சுற்றி வந்தாலும் போதும். அதுவும் இல்லையா, எல்லாரும் இருக்கும்போது அறை நடுவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்துங்கள். புகை ஒரு பக்கம் சாய்ந்து வெளியேறினால் சரி. மேலே எழுந்து அங்கேயே தொங்கினால் அந்த அறைக்குள் வகுப்பு வேண்டாம்.

கூரை ஃபேன் புதுக் காற்றைக் கொண்டுவராது, இருப்பதைக் கலக்கும். ஜன்னல் திறந்திருக்கும்போது மட்டுமே அது நன்மை. நிற்கும் ஃபேனைக் காற்றுப் போகும் பக்க ஜன்னலுக்கு 2 அடி உள்ளே, முகத்தை வெளியே பார்க்க வைத்தால் பழைய காற்றைத் தள்ளும், எதிர் ஜன்னலால் புதுசு வரும். பிள்ளைகளைப் பார்க்க வைத்தால் முதல் வரிசையின் மூச்சு கடைசி வரிசைக்குப் போகும்.

கிருமிநாசினியா, சவர்க்காரமா

வாசலில் மருந்து அடிப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஆட்கள்மேல் தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே வேண்டாமென்றது. மேசையைத் துடைக்க வேண்டுமானால் 30 வீத வெளிற்றும் தூள் லீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல் போட்டால் 0.1 வீதக் கரைசல் வரும். அன்றன்றே கரைத்து அன்றே முடிக்க வேண்டும், வெயிலில் வைத்தால் வலு போய்விடும்.

ஒரு பிள்ளை கை கழுவி, ஆள் மாறி ஆள் வர 40 செக்கன். 15 நிமிடத்தில் ஒரு பைப் 22 பேரை அனுப்பும். 200 பிள்ளைக்கு 9 அல்லது 10 பைப் தேவை. மூன்றுதான் இருக்கிறதென்றால் கழுவுவதற்காகவே நெருக்கியடித்து நிற்பார்கள், அது கழுவாததைவிட மோசம். வருகை நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். சவர்க்காரக் கட்டி கரைந்தோ காணாமலோ போகும். 1.5 லீற்றர் போத்தலில் 30 கிராம் சலவைத்தூள் கரைத்து, மூடியில் துளையிட்டுக் கட்டித் தொங்கவிடலாம்.

நெற்றியில் வைக்கும் வெப்பமானியை நம்பி மற்றதை விட்டுவிடக்கூடாது. வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்குப் பொய்க் காய்ச்சல் காட்டும், நிழலில் 5 நிமிடம் இருத்தியே பார்க்க வேண்டும். தொற்றிய பிள்ளைகளில் பலருக்குக் காய்ச்சலே வராது. முகக்கவசம் கழரும் இடைவேளைச் சாப்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். அறைக்கு வெளியே, தரத்துக்குத் தரம் 15 நிமிடம் தள்ளி நடத்துங்கள்.

ஒருவருக்கு வந்துவிட்டால்

முழுப் பாடசாலையையும் மூடுவது, வகுப்பை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது, பக்கத்தில் இருந்தவர்களை மட்டும் அனுப்புவது என மூன்று வழி. மூன்றாவது சரியாக நடக்க ஒரே ஒரு தாள் வேண்டும்: யார் எந்தக் கதிரை என்ற வரைபடம், திகதியோடு. அது இல்லாத வகுப்பில் பரிசோதகருக்கு வகுப்பையே அனுப்புவதைத் தவிர வழியில்லை. அதோடு வானில் யாரோடு வந்தது, ஆசிரியர் அன்று எந்தெந்த வகுப்புக்குப் போனார் என்ற இரண்டு பட்டியலும் இருந்தால் அரை மணியில் வேலை முடியும்.

காற்றோட்டமில்லாத அறையென்றால் கதிரை வரைபடத்தை நம்ப வேண்டாம், முழுக் குழுவும் போகட்டும். தொற்று அறிந்த அன்றே எடுத்த அன்டிஜன் பரிசோதனையில் ‘தொற்று இல்லை’ என்று வந்தாலும் அது விடுதலைப் பத்திரமல்ல. கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து 5ஆம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு குழுவில், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத பிள்ளைகளுக்கு ஒரே கிழமையில் வந்தால் அது ஊருக்குள் பரவிவிட்டது என்று எடுத்து, சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டு முழுப் பாடசாலைக்கும் முடிவெடுங்கள். ஓர் ஆசிரியருக்கு வந்தால் அவர் போன வகுப்புகளோடு ஆசிரியர் ஓய்வறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேநீர் நேரத்தில் எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஒரே மேசையைச் சுற்றி இருப்பது அங்கேதான்.