விடியக்காலம் ஐந்தரைக்கு ஆள் எடுப்பு: கேம் பாஸ் சந்தாவும் என் பிரவுன்ஸும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். எங்கள் தெருவில் யாராவது வாசலில் இருந்து எட்டிப் பார்த்தால் "டீச்சர் ரக்பி பாக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. ரக்பி என்றே இருக்கட்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2017 ஆகஸ்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் போனேன். ஆறு மாதம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் மகன் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். அந்த சீசனில் ஊர் அணியான கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 16 ஆட்டம் ஆடியது. பதினாறிலும் தோற்றது. "அம்மா, எல்லாம் நீ வந்த ராசி" என்றான் மகன். ஜனவரியில், பல்லைக் கிட்டிக்கும் குளிரில், ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி வட்டமாக ஊர்வலம் போனார்கள். வட்டம் என்றால் பூஜ்யம். தோற்றதற்கு ஊர்வலம் போகிற ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனது.

திரும்பி வந்த பிறகு சில வருடம் மகன் போனில் சொல்லும் ஸ்கோரை வைத்தே காலம் ஓடியது. இப்போது, இந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக்கின் கேம் பாஸ் சந்தா கட்டிக் கொடுத்திருக்கிறான். 2023-லிருந்து இது அமெரிக்காவுக்கு வெளியே டசோன் என்கிற செயலி வழியாகத்தான் வருகிறது. ஒரு சீசன் முழுக்கப் பார்த்து, 2025 ஏப்ரலில் அணிகள் புதுப் பையன்களை எடுக்கும் டிராஃப்டையும் பார்த்து முடித்துவிட்டதால் நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நல்லதை முதலில் சொல்லுகிறேன். ஆட்டம் முழுக்க நேரலையில் வருகிறது, முடிந்த ஆட்டத்தை அப்புறமும் பார்க்கலாம். அங்கே ஞாயிறு மதியம் ஒரு மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் பதினொன்றரை. அந்த நேரத்தில் நான் இரண்டாம் சாமத் தூக்கத்தில் இருப்பேன். அதனால் எனக்கு உயிர் கொடுத்தது நாற்பது நிமிடச் சுருக்கம்தான். மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்து நிஜமாக நகர்வது பத்துப் பதினோரு நிமிடம். மற்றதெல்லாம் நிற்பதும் பேசுவதும் விளம்பரமும். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு ஆட்டத்தை மட்டும் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமை காலை கருப்பட்டிக் காபி, அப்புறம் இட்லிக்கு மாவு கரைத்து ஊற்றும் வேலை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும்.

குறை? தமிழ் வர்ணனை கிடையாது. எதிர்பார்க்கவும் இல்லை. கபடிக்குத் தமிழில் கேட்டுப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் உப்பில்லாத சோறு, அவ்வளவுதான். திரையின் அடியில் ஓடும் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் ஆன எனக்கே இந்தப் பாடு என்றால் ஆகாதவர்கள் பாடு என்னவோ.

இனி டிராஃப்ட். ஐ.பி.எல். மாதிரி ஏலம் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் உத்தி பிரிப்போமே, அதுதான். இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா" என்று தலைவரிடம் கேட்போம். இங்கே தலைவர்கள் 32 பேர். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஏழு சுற்றாக எடுக்கிறார்கள். போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும். கோப்பை வாங்கியவன் கடைசியில். தோற்றவனுக்கு முதல் மரியாதை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அமெரிக்காக்காரன் மேல் எனக்கு மதிப்பு. பிரவுன்ஸ் 2024-ல் மூன்றே ஆட்டம் ஜெயித்து 14 தோற்றதால் இரண்டாவது இடம் கிடைத்தது.

அதை வைத்து யாரை எடுத்திருக்க வேண்டும்? என் பதில் மாறவே மாறாது: முன்வரிசை. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று எதிரிகளைத் தடுக்கும் ஐந்து பேர். அதிலும் இடது கோடியில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள். வலக்கையால் எறிகிறவன் பந்தை எறியத் திரும்பும்போது அவன் முதுகு அந்தப் பக்கம்தான் இருக்கும். முதுகைக் காப்பவன் அவன்.

பள்ளியில் கபடி டீம் எடுக்கும்போது எல்லாப் பெற்றோரும் வந்து ஒன்றையேதான் கேட்பார்கள்: "டீச்சர், எம் பொண்ணு பாடிப் போகட்டும்." கைத்தட்டல் பாடிப் போகிறவளுக்கு. கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவளை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் வட்டாரப் போட்டியில் நான் ஜெயித்ததெல்லாம் கார்னர்களை வைத்துத்தான். முட்டியில் தோல் போய், மண்ணோடு ரத்தம் ஒட்டி நிற்கும் இரண்டு பிள்ளைகள் கிடைத்துவிட்டால் மற்ற ஐந்து பேரை எப்படியாவது தேற்றிவிடலாம்.

பிரவுன்ஸுக்கு அப்படி ஒருவர் இருந்தார், ஜோ தாமஸ். 2007 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்தார்கள். அன்றைக்கு மற்றப் பையன்கள் கோட்டு சூட்டு போட்டு மேடைக்கு வந்தபோது, இவர் அப்பாவோடு படகில் மீன் பிடிக்கப் போயிருந்தார். அந்த ஒரு சேதி போதும் எனக்கு. 10,363 ஸ்னாப், அதாவது பந்து நகர்ந்த அத்தனை தடவையும், ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து ஆடினார். 2017 அக்டோபரில் கையில் தசை கிழிந்து அது நின்றது. நான் அங்கே இருந்தபோதுதான். (ராசிக் கதையை மகன் மறுபடி எடுத்தான், நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.) 2023-ல் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர் போனதற்கு அப்புறம் அந்த இடம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஊர் முழுக்கப் பேச்சு குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான். பிரவுன்ஸ் 1999-ல் மறுபடி பிறந்ததிலிருந்து 2024 முடிய 40 பேர் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நாற்பது! 2022-ல் டிஷான் வாட்சனுக்காக மூன்று வருட முதல் சுற்றுத் தேர்வுகளை ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்தார்கள். அதற்கும் மேல் 23 கோடி டாலர் ஒப்பந்தம், ஆடினாலும் ஆடாவிட்டாலும் முழுத் தொகையும் உறுதி. நிலத்தை விற்றுக் காளை வாங்கின கதை. அந்தக் காளைக்கும் 2024 அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்தது. அதற்குள் ஏழே ஆட்டத்தில் 33 தடவை அவரைத் தரையில் சாய்த்திருந்தார்கள். முன்வரிசை இப்படி இருந்தால் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இதே கதிதானே?

அப்போது இருந்த முன்வரிசையும் மூப்படைந்திருந்தது. பிட்டோனியோ 2014-ல் வந்தவர், ஓய்வு பெறலாமா என்று யோசித்துவிட்டு இன்னும் ஒரு வருடம் என்று 2025-க்குத் திரும்பினார். அவர், டெல்லர், போசிக் மூன்று பேர் ஒப்பந்தமும் 2025 சீசனோடு முடிகிறதாக இருந்தது. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்து அறுந்து தேர் நின்றது ஊருக்கே தெரியும். தேரில் அலங்காரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வடம் இல்லாமல் தேர் எப்படி நகரும்?

ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. அங்கே வியாழன் இரவு எட்டு மணி, இங்கே விடியக்காலம் ஐந்தரை. பால்காரர் மணி அடிக்கும்போது நான் டிவி முன்னால். "என்னட்டி, விடியுமுன்னே டிவியா?" என்றார் வீட்டுக்காரர். "ஆள் எடுக்காங்க" என்றேன். "எங்கே, எந்த டிபார்ட்மென்டுல?" என்று கேட்டுக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தபால் ஆபீஸ் புத்தி போகாது.

டிராஃப்ட் நடந்தது கிரீன் பேயில், லாம்போ மைதானத்தை ஒட்டி. முதல் ஆளாக டென்னசி அணி கேம் வார்டை எடுத்தது. அடுத்தது நாம். முதல் சுற்றில் ஒரு அணிக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். டிவியில் ஐந்தாறு பேர் மேஜை போட்டு உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தையும் பேசியே தீர்த்தார்கள். சரியாக அந்த இடத்தில் படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது செயலியின் குற்றமில்லை, எங்கள் வீட்டு இணைய இணைப்பு. நிறுவனத்தின் பெயர் எதற்கு, மாடத்தில் இருக்கும் பெட்டியை அணைத்துப் போடுவது எங்களுக்கு விளக்கேற்றுவது மாதிரித் தினசரி வேலை. அதற்குள் போன். பேரன். அப்போது எட்டு வயது.

"ஆச்சி! டிரேட் பண்ணிட்டாங்க!"

"எலே, யாருக்குடா?"

"ஜாக்சன்வில்! நாம ஃபைவ்!"

இரண்டாவது இடத்தைக் கொடுத்துவிட்டு ஐந்தாவதுக்கு இறங்கியிருந்தார்கள். நாம் விட்ட இரண்டாவது இடத்தில் ஜாக்சன்வில் டிராவிஸ் ஹண்டரை எடுத்தது; தாக்குதல், தடுப்பு இரண்டு பக்கமும் ஆடக்கூடிய அபூர்வப் பிள்ளை. பேரனுக்கு அழுகை. எனக்கோ சந்தோஷம்தான். 36-வது இடம், 126-வது இடம், அடுத்த வருட முதல் சுற்று ஒன்று என்று கைக்கு வந்திருந்தது. நாம் கொடுத்தது இரண்டாவதோடு 104, 200. பெரிய மீன் ஒன்றைக் கொடுத்துக் கூடை நிறையச் சாளை வாங்கினதுபோல. குழம்புக்குச் சாளைதான் ருசி.

ஐந்தாவதில் மிச்சிகனின் மேசன் கிரஹாம், தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்கும் டாக்கிள். முன்வரிசைதான், ஆனால் எதிர்ப்பக்கத்து முன்வரிசை. பள்ளியில் மல்யுத்தம் பழகியவர், நிற்கிற நிலையிலேயே அது தெரிகிறது. பக்கத்தில், ஓரத்திலிருந்து பாய்கிற மைல்ஸ் காரெட் இருக்கும்போது இவர் நடுவை அடைத்தால் எதிரி எங்கே ஓடுவான்? சரி, முக்கால் திருப்தி.

மறுநாள் இன்னும் மோசம், நாலரைக்கே எழுந்தேன். 33-வது இடத்தில் கார்சன் ஸ்வெசிங்கர், தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர். உதவித்தொகை இல்லாமல் தானாகப் போய்க் கல்லூரி அணியில் சேர்ந்து மேலே வந்த பையன். என் கார்னர் பிள்ளைகளின் சாயல். 36-ல் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் ஜட்கின்ஸ். 67-ல் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற டைட் எண்ட் ஃபானின். 94-ல் டிலன் கேப்ரியல், குவார்ட்டர்பேக். லெஃப்ட் டாக்கிள் எங்கே? நான் டிவியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் காபியை வைத்துவிட்டு மெதுவாக மாடிக்குப் போய்விட்டார்.

கடைசி நாள் மட்டும் நமக்குத் தோதான நேரம், சனி இரவு ஒன்பதரை. 126-ல் இன்னொரு ரன்னிங் பேக், சாம்ப்சன். அப்புறம் 144-ல் ஷெடூர் சாண்டர்ஸ். பெரிய ஆட்டக்காரர் டீயன் சாண்டர்ஸின் மகன். முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஐந்தாம் சுற்று வரை விழுந்து கிடந்தார். பந்தியில் கடைசி வரை இலை போடாமல் நிறுத்தி வைத்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது அந்தப் பையன் முகம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே டிராஃப்டில் இரண்டு குவார்ட்டர்பேக்கா? ஏற்கனவே வாட்சன், ஃப்ளாக்கோ, பிக்கெட். ஒரு அடுப்படியில் ஐந்து சமையல்காரர், விறகு வெட்ட ஒருவரும் இல்லை.

எடுத்த ஏழு பேரில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர் ஒருவர்கூட இல்லை. பந்தைப் பிடிக்கிற வைட் ரிசீவரும் இல்லை, அதையாவது மன்னிக்கலாம். என் கையால் மார்க் போட்டால், முதல் நாளுக்குப் பத்துக்கு எட்டு, இரண்டாம் நாளுக்கு ஆறு, மூன்றாம் நாளுக்கு இரண்டு. அந்த இரண்டும் பேரனின் சந்தோஷத்துக்கு. அவனுக்கு ஷெடூர் சட்டை வேண்டுமாம்.

சந்தாவுக்கு ஐந்துக்கு நாலு. ஆட்டம் தெரியாதவர்கள் எடுத்த எடுப்பில் வருட சந்தா கட்டாதீர்கள், முதலில் ஒரு மாதம் நாற்பது நிமிடச் சுருக்கமாகவே பாருங்கள், விதி தானாகப் பிடிபடும். டிராஃப்டுக்காக மட்டும் வாங்க வேண்டாம். மூன்று நாளில் 257 பேரை எடுக்கிறார்கள், பேச்சுதான் மிச்சம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் தாராளமாக வாங்கலாம். எனக்கும் பேரனுக்கும் வாரம் ஒரு மணி நேரம் பேசச் சங்கதி கிடைக்கிறது. அதற்கு முன்பெல்லாம் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன் ஆச்சி" என்பதோடு போன் முடிந்துவிடும்.

2026 ஏப்ரல் டிராஃப்ட் பிட்ஸ்பர்க்கில், நம் பங்காளி ஊரில் என்று சொல்லியிருந்தார்கள். அதில் முதல் சுற்றில் பிரவுன்ஸுக்கு இரண்டு இடம் கையில் இருந்தது. கேஸ் புக் செய்த தேதி எழுதும் தினசரிக் காலண்டரில் அப்போதே 'லெஃப்ட் டாக்கிள்' என்று எழுதி வைத்துவிட்டேன். பாத்திரம் தேய்க்க வரும் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "டீச்சர், இது முட்டிவலிக்குப் போடுத மாத்திரையா?" என்று கேட்டாள்.