தனுஷ்கோடி: பழைய ஊரிலிருந்து அரிச்சல்முனை வரை ஒரு நடை

இராமேசுவரம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தனுஷ்கோடியை வேன் சன்னல் வழியாகவே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீர்த்தமாடிய கையோடு வண்டி ஏறி, நிலம் முடியும் அரிச்சல்முனையில் நேரே இறங்கி, கடலில் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தின் முன் பத்து நிமிடம் நின்றால் போதும் என்பது வழக்கமாகிவிட்டது. இந்த வரிசையை மாற்றி, 1964 புயலில் அழிந்த பழைய ஊரில் முதலில் இறங்கி, அங்கே நிதானமாக நேரம் செலவிட்ட பிறகு, முனை வரையுள்ள ஏறத்தாழ 4.5 கிலோமீட்டரை நடந்தே கடக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. 2017-இல் திறக்கப்பட்ட தார்ச்சாலை அது. ஏற்ற இறக்கமே கிடையாது. நடைப்பழக்கம் உள்ள எவரும், வீட்டுப் பெரியவர்கள் உட்பட, சிரமமின்றி நடந்துவிடலாம்.

பழைய ஊரின் சிறப்பு அதன் சுவர்களில் இருக்கிறது. தேவாலயத்தின் சுவருக்கு ஒரு சாண் தொலைவில் நின்று பார்த்தால், அது செங்கல்லால் எழுப்பப்பட்டதன்று என்பது தெரியும். கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். காரை உதிர்ந்த இடங்களிலெல்லாம், ஒரு காலத்தில் பவள உயிர்கள் குடியிருந்த சிறுசிறு நட்சத்திர வடிவக் குழிகள் வரிசை வரிசையாகத் தென்படுகின்றன. அன்று கட்டடக் கல்லாகப் பயன்பட்ட இதே பவளம் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பவளத்தை வெட்டியதன் விலை என்ன என்பதையும் இந்தக் கடலே காட்டியிருக்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளத்திட்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

தேவாலயத்திலிருந்து சற்றுத் தள்ளி இரயில் நிலையத்தின் மிச்சங்கள் நிற்கின்றன. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து வந்த போட்மெயில் இரயிலில் இங்கே வந்து இறங்கியவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு சென்றார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயலும் கடலும் ஊருக்குள் புகுந்தபோது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டி 100-க்கும் மேற்பட்டோருடன் அடித்துச் செல்லப்பட்டது. அதன்பின் ஊர் குடியிருக்கத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இன்றும் இங்கே வாழ்கின்றன. ஆகையால் இதனை ஆளற்ற பேய் நகரம் என்று விளம்பரப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

இவர்கள் குடிநீருக்கு என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். இருபுறமும் உப்புக்கடல் இருக்க, நடுவே மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ கரித்துவிடும். அதனால்தான் ஊற்றுநீரைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள்.

ஊரைக் கடந்து கிழக்கே நடக்கத் தொடங்கியதும் இடப்புறம் பாக் விரிகுடா, வலப்புறம் மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், ஆர்ப்பரிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் அழைப்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அந்தப் பெண்கடலின் சீற்றத்தையும் பார்க்கலாம். சாலையோர மணலில் அடப்பங்கொடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. அதனருகிலேயே இராவணன் மீசை எனப்படும் முள்புல் மணலை இறுகப் பிடித்து வளர்கிறது. இராமர் பாலம் தொடங்கும் இடமென்று நம்பப்படும் கரையைக் காத்து நிற்பது இராவணன் மீசைதான் என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. காற்றில் உருண்டோடும் அதன் காய்ந்த கதிர்களைப் பிள்ளைகள் கையால் பிடித்தால் குத்தும்.

நடந்து செல்வதன் முழுப் பயனும் வடபுறத்துச் சேற்று நீர்ப்பரப்பில்தான் கிடைக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு இங்கே 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மழைக்காலம் முடிந்து சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் வந்தால் பூநாரைகளைக் காணும் வாய்ப்பு அதிகம். அவை அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, அலகோரத்து இழைகளில் தங்கும் சிற்றுயிர்களையும் பாசியையும் தின்கின்றன. இறகின் இளஞ்சிவப்பும் அந்த உணவிலிருந்து வருவதே. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சேற்றை மிதித்து அவை உண்டாக்கும் வட்டக் குழிகளை நீர் வற்றிய ஓரங்களில் காணலாம். வண்டி நின்று கதவு அடிபடும் ஓசைக்கே கூட்டம் விலகிப் போய்விடுகிறது; சாலையோரமாகப் பேசாமல் நடந்து வருகிறவரை அவ்வளவாக அஞ்சுவதில்லை. இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று அவசியம். சேற்றில் இறங்குவது பறவைகளுக்கும் உங்களுக்கும் நல்லதன்று.

குறைகள் உண்டு. இடிபாடுகளுக்குள் எது அஞ்சலகம், எது பள்ளிக்கூடம் என்று சொல்லும் விளக்கப் பலகைகள் போதாது. விவரம் தெரியாதவருக்கு எல்லாம் மொட்டைச் சுவர்களாகவே தோன்றும். தேவாலயத்தை ஒட்டிச் சங்கு, சிப்பி, மணிமாலைக் கடைகள் நெருக்கியடிக்கின்றன. பிழைப்புக்காகக் கடை போட்டிருப்பவர்களைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் அவற்றுக்குத் தனியிடம் ஒதுக்கியிருக்கலாம். பவளத் துண்டு என்று எதையாவது யாரேனும் நீட்டினால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். பிற்பகலில் வாகன நெரிசலும் ஒலிப்பான் சத்தமும் நடையின் இன்பத்தைக் கெடுத்துவிடுகின்றன. அரிச்சல்முனையைப் பொறுத்தவரை, இந்த வழியில் என்னை மிகக் குறைவாகக் கவர்ந்த இடம் அதுதான். நான்முகச் சிங்கத் தூணும், வண்டிகள் திரும்பும் வட்டமும், அதைச் சுற்றிக் கூட்டமும். இரு கடல்களும் கலக்கும் அந்த முனையில் நீரோட்டம் வலுவானது. குளிக்க இறங்கக் கூடாது.

இராமேசுவரத்திலிருந்து அரசுப் பேருந்து வருகிறது. விடிந்ததும் புறப்படும் வண்டியைப் பிடித்துவிட்டால் வெயில் ஏறுமுன் நடையை முடித்துக்கொள்ளலாம். வழி நெடுக நிழல் என்பதே இல்லை, பங்குனி சித்திரையில் ஒன்பது மணிக்கே தார் கொதிக்கத் தொடங்கிவிடும். தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். பசித்தால் பழைய ஊரின் குடிசைக் கடைகளில் அன்றைய மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்கள். பொரிப்பதற்கு முன் மீனைப் பார்த்து விலையைப் பேசிக்கொள்வது நல்லது. மாலையில் காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரவு தங்க அனுமதி இல்லை. அதனால் திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களில் நடக்க முடியாதவர் இருந்தால், வழியில் கோதண்டராமர் கோயிலில் இறங்கிக்கொள்ளலாம். 1964 புயலுக்குத் தப்பி நின்ற அந்தக் கோயிலுக்குப் போகும் கிளைச்சாலையின் இருபுறமும் நீர்ப்பரப்புதான், பருவத்தில் பூநாரைகள் அங்கேயும் மேய்கின்றன.