முழு கன்டெய்னரா, பங்கு கன்டெய்னரா?

திருப்பூரில் புதிதாக ஏற்றுமதியில் இறங்குபவர்கள் சரக்கு முகவரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: எஃப்.சி.எல். (முழு கன்டெய்னர்) போடலாமா, எல்.சி.எல். (பங்கு கன்டெய்னர்) போதுமா?

எல்.சி.எல். என்றால் பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவது. கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். பின்னலாடை எடை குறைவு, இடம்தான் அடைக்கும். அதனால் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கே வரும். ஐந்தாறு கன மீட்டர் சரக்குக்கு இது நல்ல வழி. ஆனால் உடன் வரும் யாரோ ஒருவரின் ஆவணத்தில் சுங்கத்துறை சந்தேகம் எழுப்பினால் உங்கள் பெட்டிகளும் சேர்ந்து காத்துக் கிடக்கும். கூடுதலாக ஏற்றி இறக்குவதால் அட்டைப்பெட்டி நசுங்கவும் வாய்ப்பு உண்டு. சீசன் துணிக்கு ஒரு வாரத் தாமதமே பெரிய அடி.

எஃப்.சி.எல். என்றால் தொழிற்சாலையிலேயே ஏற்றி, சீல் வைத்து, தூத்துக்குடிக்கு அனுப்பிவிடலாம். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். பெட்டி அடுக்கினால் 28 வரை பிடிக்கும். நிரம்பாவிட்டாலும் முழு வாடகைதான்.

என் பார்வையில், சரக்கு 15 கன மீட்டரை நெருங்கினாலே இரண்டுக்கும் விலை கேளுங்கள். அப்புறம், எல்.சி.எல். விலையில், சரக்கு போய் இறங்கும் துறைமுகத்தின் செலவும் சேர்ந்திருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.