பரிசு மோசடியில் சிக்கிய பெரியவர்களுக்கு 1930 எந்த அளவுக்கு உதவும்?

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டிய சைபர் மோசடி உதவி எண் 1930. தமிழ்நாட்டிலிருந்து அழைத்தால் மாநில சைபர் க்ரைம் போலீஸ் எடுக்கிறது, தமிழிலேயே பேசலாம். கார்டு விவரத்தைத் திருடி எடுத்த பணம் என்றால், உடனே கூப்பிட்டவர்களுக்கு இது உருப்படியான சேவை. ஆனால் 'லாட்டரி விழுந்திருக்கிறது, கார் விழுந்திருக்கிறது' என்று பெரியவர்களிடம் பிடுங்கும் பணத்தில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் தாமதம். அந்தத் தாமதம் வீட்டுக்குள்தான் நடக்கிறது.

நாம் சொல்லும் விவரம் உள்துறை அமைச்சகத்தின் கணினி அமைப்பில் ஏறி, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகிறது. அந்தக் கணக்கில் பணம் இருந்தால் வங்கி நிறுத்தி வைக்கும். வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவல் அங்கே போகும். ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். மோசடிக்காரர்கள் வாடகைக்குப் பிடித்த கணக்குகளில் பணத்தைப் பிரித்துப் பிரித்துத் தள்ளுவது இதற்காகத்தான். பரிசு மோசடியில் பணம் ஒரே தடவையில் போவதில்லை. முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதி என்று நாள்கணக்கில் கறப்பார்கள். விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிவதற்குள் முதல் தவணைகள் கைமாறியிருக்கும். அதற்காக 'போனது போனதுதான்' என்று விட்டுவிடக் கூடாது. கடைசியாக அனுப்பிய தொகை இன்னும் ஏதோ ஒரு கணக்கில் இருக்கலாம். அதை முதலில் சொல்லுங்கள், மற்றவற்றைப் பின்னால் சொல்லலாம்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கி, கணக்கு எண், அனுப்பிய தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உரிய தனி அடையாள எண்). யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் 12 இலக்கத்தில் தெரிவதுதான் யுடிஆர். பலர் அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும் செயலியின் சொந்த அடையாள எண்ணை வாசித்துவிடுகிறார்கள். அதில் ஆங்கில எழுத்துகள் கலந்திருக்கும், வங்கிக்கு அது பயன்படாது. ஐந்து தடவை அனுப்பியிருந்தால் ஐந்து யுடிஆர் எண்களும் தனித்தனியாக வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் தேட முடியாது.

போனில் சொன்னதோடு வேலை முடிவதில்லை. குறுஞ்செய்தியில் வரும் எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். இந்தப் படிவம்தான் சேவையின் பலவீனமான இடம், பெரியவர்கள் தனியாக நிரப்பக்கூடியது அல்ல. அடையாள அட்டையின் படம் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும், சிறப்புக் குறிகளை அது ஏற்பதில்லை. வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே ஒட்டினால் படிவம் நகராமல் நிற்பது இதனால்தான். சொந்த வார்த்தையில், குறியீடுகள் இல்லாமல் எழுதுங்கள். தளத்தைத் தேடுபொறி விளம்பரத்தின் வழியே திறக்க வேண்டாம், முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்பி வராது. பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் விடுவிக்க வேண்டும், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும். இதை 1930 தெளிவாக எடுத்துச் சொன்னால் பல குடும்பங்கள் வங்கி வாசலில் வீணாகக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னும் பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால் போக வேண்டிய இடம் வேறு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்‌ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். கடந்த 30 நாளுக்குள் வந்த அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் செய்திகளை மட்டுமே ஏற்கும். பணம் இழந்தவர்கள் இங்கே புகார் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, இது பணத்தை நிறுத்தாது. யாருக்காவது பணம் அனுப்பும் முன் சோதிக்க, சைபர் குற்றத் தளத்திலேயே சந்தேக நபர் தேடல் இருக்கிறது. போன் எண்ணையோ யுபிஐ முகவரியையோ கொடுத்துப் பார்க்கலாம். அதில் பதிவு இருந்தால் உஷாராகிவிடலாம். வரவில்லை என்பதால் நல்லவர் என்று அர்த்தமில்லை. புதிதாகத் திறந்த கணக்குகள் அதில் இருக்காது.

பெரியவர்களை அதிகம் ஏமாற்றுவது மூன்று வகை. 'கோன் பனேகா குரோர்பதி' என்ற இந்தித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்சம் விழுந்ததாக வாட்ஸ்அப்பில் வரும் படமும் குரல் பதிவும் ஒன்று. இவற்றில் பல, பாகிஸ்தானின் குறியீடான +92 என்று தொடங்கும் எண்களிலிருந்து வந்தவை; 'வாட்ஸ்அப்பில் மட்டும் பேசுங்கள்' என்பார்கள். இரண்டாவது கேரள லாட்டரி. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டது. கேரள அரசு விற்பதோ காகிதச் சீட்டு மட்டும்தான், இணையத்தில் விற்பதில்லை. பெரிய பரிசுக்கு அசல் சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். கையில் சீட்டு இல்லாதவருக்குப் பரிசு விழ வழியே இல்லை.

மூன்றாவதுதான் ரொம்ப மோசம்: தபாலில் வரும் ஸ்கிராட்ச் கார்டு. முத்திரை, கையெழுத்து, முகவரியில் சரியான பெயர் எல்லாம் இருக்கும். சுரண்டினால் கார் விழுந்திருக்கும். காகிதத்தில் வந்ததை நம்பிப் பழகிய தலைமுறைக்கு இது நேரே போய்த் தைக்கிறது. வரி என்ற பேச்சும் இங்கேதான் நம்பும்படி ஒலிக்கிறது. ரொக்கப் பரிசில் 30 சதவீத வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். பொருளாகத் தரும் பரிசில் மட்டும், வரி கட்டப்பட்டதை உறுதி செய்துவிட்டே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மோசடிக்காரர் பிடித்துக்கொள்வது இந்த விதியைத்தான். வரி அரசின் கணக்குக்குத்தான் போகும், ஒரு தனிநபரின் யுபிஐ முகவரிக்குப் போகாது. அம்மாவிடம் இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி ஆபத்து குறையும். ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைப்பதில்லை. வெளிநாட்டு லாட்டரிக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணி விதிப்படி தடை செய்யப்பட்டது.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைக்குள் போய், அழைப்புகள் பகுதியில் தெரியாத எண்களை மௌனமாக்குங்கள். குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் வையுங்கள். ஆண்ட்ராய்டில் தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப்புக்கு அணைத்துவிடுங்கள். அப்புறம் 'பரிசுப் படிவம்' என்று ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வந்தாலும் அங்கிருந்து நிறுவ முடியாது. பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து பிரித்து, மாதச் செலவுக்கு மட்டும் சிறிய கணக்கு ஒன்றை இணைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

விஷயம் வெளியே வந்ததும் 'ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க?' என்று கேட்டால் அப்பா மீதித் தவணைகளை மறைத்துவிடுவார். 'கடைசியா எப்பப்பா அனுப்புனீங்க, அந்த மெசேஜைக் காட்டுங்க' என்று கேளுங்கள். யுடிஆர் எண் கிடைப்பது அப்படித்தான்.

புகார் கொடுத்த பிறகு இன்னொரு அழைப்பு வரலாம். சைபர் போலீஸ் என்றோ வக்கீல் என்றோ சொல்லி, போன பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் கேட்பார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் மோசடிக்காரர்களிடம் கைமாறுகின்றன. 1930-இல் புகாருக்குக் கட்டணம் இல்லை. பணத்தைத் திருப்பித் தர யாரும் உங்கள் பின் எண்ணைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அப்படி அழைத்தவரின் போன் எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.